அரக்கர் குலத்தின் கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சில ஆண்டுகளாக மேலைநாட்டு மிகுபுனைவு நாவல்களையும், அவற்றை ஒட்டிய கணினி விளையாட்டுகளின் பின்னணிக் கதைகளையும் ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். அவற்றில் அரக்கர் குலங்களுக்கென்று விரிவான வரலாறு இருக்கிறது. முதல் மூதாதை, இழந்த கோட்டை, தலைமுறைகளாகத் தொடரும் பகை, குலத்துக்குள் பிளவு என்று எல்லாமே எழுதப்பட்டிருக்கின்றன. நம் இராமாயணத்து அரக்கர்களோ கதைக்குத் தேவைப்படும்போது வருகிறார்கள், போரிடுகிறார்கள், மடிகிறார்கள். இராவணனுக்கும் அவன் தம்பியருக்கும் அப்பால் ஒரு குலமாக அவர்களை நான் எங்கும் பார்த்ததில்லை. அரக்கர் குலம் ஒன்றை மையமாகக் கொண்டு நானே ஒரு நாவல் எழுதத் தொடங்கி நாற்பது பக்கங்களோடு நிற்கிறேன். நம் மரபில் இதற்கு முன்மாதிரி உண்டா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டவர் இராமர். கேட்ட இடம் அயோத்தி. போர் முடிந்து, முடிசூட்டு விழாவும் முடிந்து, அவரைப் பார்க்க முனிவர்கள் வந்திருக்கும் வேளை. வால்மீகியின் உத்தர காண்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அகத்தியர் பேச்சுவாக்கில், குபேரனுக்கு அவன் தந்தை விச்ரவசு இலங்கையைக் குடியிருக்கக் கொடுத்ததையும், அரக்கர்கள் திருமாலுக்கு அஞ்சிப் பாதாளத்துக்கு ஓடிவிட்டதால் அந்த நகரம் அப்போது வெறுமையாகக் கிடந்ததையும் சொல்கிறார். இராமர் வியப்படைகிறார். அரக்கர்கள் விச்ரவசுவின் தந்தையான புலத்தியர் வழியில் வந்தவர்கள் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம், அதற்கும் முன்பே இலங்கையில் அரக்கர்கள் இருந்தார்களா, அவர்கள் இராவணனையும் கும்பகருணனையும் பிரகஸ்தனையும்விட வலியவர்களா, அவர்களுடைய முதல்வன் யார், எந்தக் குற்றத்துக்காகத் திருமால் அவர்களை விரட்டினார் என்று வரிசையாகக் கேட்கிறார். ஒரு குலத்தைப் போரில் வென்றவர், வென்று முடித்த பிறகு, அந்தக் குலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற இடம் அது. நான் முதன்முதலாக வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

நீங்கள் இதை எங்கும் பார்க்காமல் போனதற்குக் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் இராமாயணத்தைக் கம்பர் வழியாக அறிகிறோம், கம்பர் உத்தர காண்டத்தைப் பாடவில்லை. தமிழில் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்கும் உத்தர காண்டம் இருக்கிறது, ஆனால் கம்பரை வாசிக்கிறவர்களில் அதைத் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர். பாராயணம் செய்யும் வீடுகளிலும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிடுவதே வழக்கம். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் பகுதியை வாசிக்க மனம் வராமல் அந்தக் காண்டம் முழுவதையும் ஒதுக்கிவிடுகிறோம். அதனோடு சேர்ந்து, அதன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நிறைத்திருக்கும் அரக்கர் வரலாறும் நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அகத்தியர் சொல்லும் கதை நீரிலிருந்து தொடங்குகிறது. பிரஜாபதி முதலில் நீரைப் படைத்தார், பிறகு அதைக் காக்க உயிர்களைப் படைத்தார். பசியோடும் தாகத்தோடும் பிறந்த அவை என்ன செய்வது என்று கேட்டபோது, காத்துக்கொள்ளுங்கள் என்றார். "ரக்ஷாம" என்றன சில, அதாவது காப்போம் என்று. "யக்ஷாம" என்றன வேறு சில. முன்னவர் இராக்கதர் ஆயினர், பின்னவர் யக்ஷர் ஆயினர். சொற்பிறப்பியல் அறிஞர்கள் இந்த விளக்கத்தை ஏற்பார்களா என்பது வேறு விஷயம். ஒரு குலத்தின் வரலாற்றைச் சொல்ல முற்பட்டவர், அந்தக் குலத்தின் பெயருக்குக் காவல் என்று பொருள் வைத்துத் தொடங்கினார் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

அந்தக் காவலர்களில் ஹேதி, பிரஹேதி என்று இரண்டு தலைவர்கள். பிரஹேதி தவம் செய்யப் போய்விட, ஹேதி காலனின் தங்கையை மணக்கிறான். அவள் பெயர் பயா, அச்சம் என்று பொருள். அவர்கள் மகன் வித்யுத்கேசன் சந்தியையின் மகளான சாலகடங்கடையை மணக்கிறான். அவள் மந்தர மலையில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்று, அதை அங்கேயே போட்டுவிட்டுக் கணவனிடம் திரும்பிவிடுகிறாள்.

இந்த இடத்தில் வால்மீகி ஒரு சிறு செயலைக் காட்டுகிறார். கைவிடப்பட்ட அந்தக் குழந்தை தன் கைமுட்டியை வாய்க்குள் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல அழுகிறது. வானில் காளை மீது போய்க்கொண்டிருந்த சிவனும் உமையும் அந்த அழுகையைக் கேட்கிறார்கள். உமை இரங்குகிறாள். அவளுக்காகச் சிவன் அந்தக் குழந்தையைத் தாயின் வயதுக்கு அப்போதே வளர்த்து, சாவின்மையும் வானில் செல்லும் ஓர் ஊரும் கொடுக்கிறார். உமை தன் பங்குக்கு அரக்கியர் அனைவருக்கும் ஒரு வரம் தருகிறாள்: கருவுற்ற உடனே பிறப்பு, பிறந்த உடனே தாயின் வயது. இனி எந்த அரக்கக் குழந்தையும் மலையில் அழுதுகொண்டு கிடக்க வேண்டியதில்லை. அந்தக் கருணையால் அந்தக் குலத்தில் குழந்தைப் பருவம் என்பதே இல்லாமல் போயிற்று என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். தாலாட்டில்லாத, கதை கேட்டு உறங்கும் இரவுகள் இல்லாத ஒரு குலம். அகத்தியர் பின்னால் இந்த வழியைக் குறிப்பிடும்போது சாலகடங்கடை வம்சம் என்கிறார். குழந்தையைப் போட்டுவிட்டுப் போன தாயின் பெயரே குலத்தின் பெயராக நிலைத்திருக்கிறது.

அந்தக் குழந்தைதான் சுகேசன். அவனுக்கும் தேவவதி என்னும் கந்தர்வப் பெண்ணுக்கும் பிறந்தவர்கள் மாலியவான், சுமாலி, மாலி. மேருவில் தவம் செய்து மூவரும் பிரமனிடம் கேட்ட வரங்களில், வெல்லப்படாமை, நீண்ட வாழ்நாள் ஆகியவற்றோடு, நாங்கள் ஒருவருக்கொருவர் அன்போடு இருக்கவேண்டும் என்பதும் ஒன்று. வரத்தைப் பெற்றுக்கொண்டு விசுவகர்மாவிடம் வீடு கேட்கிறார்கள். தென்கடற்கரையில் திரிகூட மலையின் சிகரத்தில், முப்பது யோசனை அகலமும் நூறு யோசனை நீளமுமாக, பொன் மதிலோடு நான் கட்டிய இலங்கை இருக்கிறது, அங்கே குடியேறுங்கள் என்கிறார் அவர். அந்த நகரம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதில் உத்தர காண்டமே இரண்டு விதமாகப் பேசுகிறது. இந்திரனின் ஆணைப்படி கட்டினேன் என்று விசுவகர்மா சொல்கிறார், அரக்கர்களுக்காகக் கட்டப்பட்டது என்று விச்ரவசு சொல்கிறார். உங்கள் நாவலில் ஒரு கோட்டை இருந்தால் அதற்கும் இப்படி இரண்டு கதைகள் இருக்கட்டும்.

பிறகு தேவர்களோடு பகை. தேவர்கள் முதலில் சிவனிடம் முறையிடுகிறார்கள். தான் எடுத்து வளர்த்த சுகேசனின் பிள்ளைகளைக் கொல்ல மாட்டேன் என்று அவர் திருமாலிடம் அனுப்புகிறார். போரில் மாலி கருடனையே கதாயுதத்தால் அடித்துத் திருப்புகிறான், ஆனால் சக்கரம் அவன் தலையைக் கொய்கிறது. மற்றவர்கள் இலங்கையை நோக்கி ஓடும்போதும் அம்புகள் தொடர்கின்றன. அப்போது மாலியவான் திரும்பி நின்று, முதுகு காட்டி அஞ்சி ஓடுகிறவர்களைக் கொல்கிறாயே, பழைய போரறம் உனக்குத் தெரியாதா என்று திருமாலிடமே கேட்கிறான். தேவர்களுக்கு அபயம் கொடுத்திருக்கிறேன், அந்த வாக்கைக் காப்பதற்காக நீங்கள் பாதாளத்துக்குப் போனாலும் விடமாட்டேன் என்பது பதில். இந்தக் கேள்வியை மறைக்காமல், அரக்கனின் வாயில் நேராக வைத்து, அதையும் திருமாலின் அவதாரமான இராமருக்கே அகத்தியர் சொல்வதாக எழுதிய கவிஞரின் நேர்மையை நான் வணங்குகிறேன். மனைவியரை அழைத்துக்கொண்டு அவர்கள் இலங்கையை விட்டு வெளியேறுகிறார்கள். நீ கொன்றவர்கள் புலத்தியர் வழியினர், சுமாலியும் மாலியவானும் மாலியும் இராவணனைவிட வலியவர்கள் என்று முடிக்கிறார் அகத்தியர்.

இதற்குப் பிறகு வருவதுதான் எல்லோரும் அறிந்த இராவணன் கதை. ஆனால் இந்த முன்கதையோடு வாசிக்கும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது. பாதாளத்திலிருந்து மேலேறி மகளோடு பூமியில் அலைந்துகொண்டிருக்கும் சுமாலி, குபேரன் புஷ்பக விமானத்தில் தந்தையைக் காணப் போவதை ஒருநாள் பார்க்கிறான். தன்னுடைய நகரில் வாழ்கிறவன் அவன். அந்தத் தந்தையிடமே போய் உன்னைக் கொடு என்று மகள் கைகசியிடம் சொல்கிறான். விச்ரவசு அந்தி வேள்வியில் இருக்கும் நேரத்தில் அவள் போய் நிற்கிறாள். தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நிற்கிறாள். எதற்காக வந்தாய் என்று அவர் கேட்கும்போது, தவத்தால் நீங்களே அறிந்துகொள்ளுங்கள் என்கிறாள், தன் பெயரையும் தந்தை சொல்லி வந்தேன் என்பதையும் மட்டும் தன் வாயால் சொல்கிறாள். ஒரு குலம் தான் இழந்த ஊரை மீட்பதற்கு ஒரு பெண்ணை அனுப்பிய கணம் அது. கொடிய வேளையில் வந்தாய், கொடிய மக்களைப் பெறுவாய் என்று அவர் சொல்ல, அவள் மன்றாடி, கடைசி மகன் மட்டும் அறவோனாக இருப்பான் என்ற சொல்லைப் பெறுகிறாள். அந்தக் கடைசி மகன் விபீடணன்.

இராவணன் வரங்கள் பெற்றதும் சுமாலி பாதாளத்திலிருந்து வந்து பேரனைத் தழுவிக்கொண்டு, இலங்கை நம்முடையது, அதை மீட்டுக்கொடு என்கிறான். இராவணனின் முதல் விடை நம்மில் பலருக்குத் தெரியாதது: குபேரன் என் அண்ணன், எனக்குக் குருவைப் போன்றவன், நீங்கள் இப்படிச் சொல்லக் கூடாது. பிற்பாடு அவனை மாற்றுகிறவன் பிரகஸ்தன். வீரர்களுக்கு உடன்பிறப்பு என்பது கிடையாது, அதிதியும் திதியும் உடன்பிறந்தவர்கள்தான், அவர்களின் பிள்ளைகள் அடித்துக்கொள்ளவில்லையா என்று வாதிடுகிறான். இந்தப் பிரகஸ்தனை யுத்த காண்டத்தில் நீலன் கையால் மடியும் ஒரு படைத்தலைவன் என்றுதான் நாம் அறிவோம். உத்தர காண்டத்தின் வம்சாவளிப்படி அவன் சுமாலியின் மகன், கைகசியின் உடன்பிறந்தவன், இராவணனின் தாய்மாமன். அனுமன் கொன்ற அகம்பனனும் தூம்ராட்சனும் அப்படியே. வந்து போரிட்டு மடிகிறார்கள் என்று நீங்கள் எழுதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்த மாமன்கள்.

இந்த வரலாறு பிற்காலத்தில் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பரோடாவிலிருந்து 1960 முதல் 1975 வரை வெளிவந்த ஆய்வுப் பதிப்பு உத்தர காண்டத்தைச் சேர்த்துத்தான் வெளியிட்டிருக்கிறது என்றாலும், யுத்த காண்டம் ஏற்கெனவே இருந்து, அதை வாசித்த ஒருவரோ பலரோ இதைப் பின்னர் இயற்றியிருக்க வேண்டும். உங்களைப் போலவே அவர்களுக்கும் இந்தப் பெயர்களெல்லாம் வெறும் பெயர்களாக நிற்பது பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாயைக் கொடுத்தார்கள், ஒரு பாட்டனைக் கொடுத்தார்கள், எல்லோருக்கும் பொதுவாக ஓர் இழந்த நகரத்தைக் கொடுத்தார்கள். நீங்கள் செய்ய முயல்வதும் இந்த வேலையைத்தான்.

அப்படிப் பின்னிருந்து நெய்யும்போது விழுந்த முடிச்சு ஒன்றை மட்டும் சொல்கிறேன். விபீடணன் இலங்கையை விட்டு இராமரிடம் அடைக்கலம் தேடி வரும்போது நான்கு அமைச்சர்கள் உடன் வருகிறார்கள். அனலன், அனிலன், அரன், சம்பாதி என்று கம்பரும் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். உத்தர காண்டம் இந்த நால்வரையும் மாலியின் மக்கள் என்கிறது. திருமாலின் சக்கரத்தால் தலை அறுபட்ட அதே மாலி. தந்தையைக் கொன்றவரின் அவதாரத்திடம் மகன்கள் அபயம் கேட்டு நிற்கிறார்கள். இதைப் பற்றிக் கவிஞர் ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லவில்லை. அகத்தியர் இந்த வரலாற்றைச் சொல்லிவரும்போது இராமரின் அருகில் விபீடணன் இருக்கிறான். இடையில் ஓரிடத்தில், பண்டு கண்டவை எல்லாம் இன்று நினைவுக்கு வருகின்றன என்ற அளவில் பேசுகிறான். தன் குலம் அழிந்த கதையைத் தன் குலத்தை அழித்தவர் அருகில் இருந்து கேட்டவனின் அந்த ஒற்றை வாக்கியத்தை விரித்து எழுத யாராவது முன்வர வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆசைப்படுகிறேன்.

நீங்கள் முதலில் உத்தர காண்டத்தின் நான்காம் சருக்கம் முதல் பதினொன்றாம் சருக்கம் வரை வாசியுங்கள். அதன் பிறகு யுத்த காண்டத்துக்குத் திரும்பி, மாலியவான் அவையில் பேசும் இடத்தைப் பாருங்கள். சுமாலி அதற்கு முன்பே தேவருலகப் போரில் வசுக்கள் என்னும் தேவர்களில் ஒருவனின் கதாயுதத்தால் இறந்துவிட்டான். மூவரில் எஞ்சியவர் இந்தக் கிழவர் ஒருவரே. சீதையைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள் என்று பேரன் முறையுள்ள அரசனிடம் சொல்கிறார், மனித உருவில் வந்திருக்கும் திருமாலே இந்த இராமர் என்று நினைக்கிறேன் என்கிறார். உத்தர காண்டத்தை வாசித்துவிட்டு வருகிறவருக்கு, அந்த அவையில் பேசும் இவர் திருமாலை எதிரே நின்று பார்த்தவர் என்பது தெரியும். அவர் தம் பழைய தோல்வியைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. இராவணன் சினந்து, நீ பகைவர் பக்கம் சேர்ந்துவிட்டாயா என்று கேட்கிறான். மாலியவான் நாணி, மறுமொழி சொல்லாமல், அரசனுக்கு வெற்றி உண்டாகட்டும் என்று முறைப்படி வாழ்த்திவிட்டு, விடைபெற்றுத் தம் வீட்டுக்குப் போகிறார்.

அன்புடன்