தனித் தட்டு எதற்கு?

கேள்வி: கணவரை இழந்த என் தங்கைக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. எஸ்டேட் லைன் வீட்டில் எங்களோடு இருந்து, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள். அம்மா அவளுக்குத் தனித் தட்டும் தம்ளரும் வைத்திருக்கிறார். கையில் வெட்டுப்பட்டால் என்ன செய்வது? வேலையிடத்தில் சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தட்டையும் தம்ளரையும் இன்றே பொதுவில் சேர்த்துவிடுங்கள். எச்சில், வியர்வை, கழிப்பறை, கொசுக்கடி எதனாலும் எச்.ஐ.வி. பரவாது. குளிருக்கு ஒரே கம்பளியில் படுத்தாலும் பரவாது. பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

லைன் வீட்டில் கவலைப்பட வேண்டியது காசநோயைப் பற்றித்தான். வீட்டில் யாருக்காவது அது இருந்தால் தங்கைக்கு எளிதில் தொற்றும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். தங்கைக்கு இருமல் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். குளிராக இருந்தாலும் பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வெட்டுக்காயத்தை ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் போதும். உதவுபவர் கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொள்ளலாம். காயமில்லாத தோலில் இரத்தம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். திறந்த புண்ணிலோ கண்ணிலோ பட்டால், கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது.

1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரியவந்தபோது மருந்தே கிடையாது. அம்மாவின் பயம் அந்தக் காலத்துப் பயம். இன்று எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசம். பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரைதான். தங்கை சம்மதித்தால் அம்மாவை, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து முறை சொல்லிக் கேட்காதவர், ஆலோசகர் ஒருமுறை சொன்னால் கேட்கக்கூடும். தங்கை குடித்த தம்ளரைத் தங்கையின் கண்ணெதிரே தனியாகக் கழுவி வைப்பது எவ்வளவு வலிக்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

மாத்திரை தவறாமல் இருப்பதுதான் முக்கியம். மழையில் மண் சரிந்து பஸ் நின்றுபோகும் ஊர் இது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய் வாங்கிவிட வேண்டும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மையத்தில் கட்டாயம் சொல்லட்டும்; சில கூட்டு மருந்துகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது.

வேலையிடத்தில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. தங்கையின் சம்மதமில்லாமல் நீங்களும் சொல்லக் கூடாது. பக்கத்து லைனில் ஒருவருக்குத் தெரிந்தால் எஸ்டேட் டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிடும். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி அநியாயமாக வேலையிலிருந்து நீக்க முடியாது. வீட்டைவிட்டு வெளியேற்றவும் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எஸ்டேட்டில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். சந்தேகம் கேட்க 1097-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.