பயந்து பயந்து ஓடுபவருக்கு முதல் கார் எது?

விசுவமடுவிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஆனால் லேர்னர்ஸ் காரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில்தான் புதுக்குடியிருப்புக்குப் படிப்பிக்கப் போகிறேன்; மாரியில் பெரும்பாடு. சேமிப்பும் சீட்டுக் காசும் சேர்த்துச் சின்னதாய் ஒரு பழைய கார் வாங்க எண்ணம். அண்ணா மாருதி 800 போதும் என்கிறார். கணவர் லீசிங்கில் வேகன் ஆர் எடுப்போம் என்கிறார். பின்னால் டிப்பர் வந்து ஹோர்ன் அடித்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. எதை வாங்கலாம்?"

ஆயிரம் சிசி அளவில், கிளச் மிதிக்காமல் தானே கியர் மாறும் ஓட்டோ கியர் உள்ள ஒரு பழைய கார். டொயோட்டா விட்ஸ், பெரோடுவா விவா எலைட் போன்றவை. காசு அவ்வளவு எட்டாவிட்டால் மனுவல் கியர் அல்டோ 800. இதுதான் என் பதில்.

ஏன் ஓட்டோ? புதிதாக ஓடுபவரை உண்மையில் கலங்கடிப்பது வேகம் அல்ல, நடு வீதியில் என்ஜின் நின்றுபோவது. எங்கள் பக்கத்தில் போருக்குப் பின் புதிதாகப் போட்ட வீதிகள் பல, ஒழுங்கையைவிட உயரமாக நிற்கின்றன. கிரவல் ஒழுங்கையிலிருந்து பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 வீதியில் ஏறவேண்டுமென்றால், அந்தச் சின்ன ஏற்றத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, அரைக் கிளச்சில் எடுக்கவேண்டும். கிளச்சைக் கொஞ்சம் முந்தி விட்டால் வண்டி நிற்கும்; பிந்தினால் பின்னுக்கு உருளும். அந்த நேரம் பார்த்து டிப்பர் வரும். ஓட்டோவில் இந்தக் கவலை இல்லை. கண்ணை வீதியிலேயே வைத்திருக்கலாம்.

'மனுவல்தான் உண்மையான ஓட்டம்' என்று யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்வார். சொல்லட்டும். நீங்கள் மனுவலில் ட்ரயல் கொடுத்து லைசென்ஸ் எடுத்திருந்தால் பிறகு எதையும் ஓடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

ஆனால் ஓட்டோவில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை விற்பவர் சொல்லமாட்டார். பதற்றத்தில் பிழைவிட்டால் மனுவல் கார் பெரும்பாலும் நின்றுபோகும். ஓட்டோவில் பிரேக் என்று நினைத்து அக்சலேட்டரை மிதித்தால் கார் மதிலில் போய்த்தான் நிற்கும். ஆகவே இடது காலை எந்தப் பெடலுக்கும் கொண்டுவராதீர்கள். வலது குதிக்கால் பிரேக்குக்கு நேரே தரையில் இருக்கட்டும். முன்பாதம் மட்டும் அக்சலேட்டருக்குத் திரும்பட்டும். பள்ளிக்கூட மைதானத்திலோ, ஆளில்லாத கிரவல் வெளியிலோ இதைக் கால் தானாகச் செய்யும்வரை பழகுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுபவர்கள் அதைப் பின் சீட்டில் போடவேண்டும். பெடலுக்கு அடியில் சிக்கினால் கதை முடிந்தது.

அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாருதி 800 இல் 796 சிசி என்ஜின். கிளிநொச்சியில் எந்தக் கராஜிலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். எங்கள் வீதிகளில் காருக்குச் சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர்தான், ஊர்மனைக்குள் 50. அதற்கு அந்த என்ஜின் தாராளம். ஆனால் அது 2014 இல் உற்பத்தி நின்றுபோன கார். ஏர்பேக் இல்லை, சடுதியாகப் பிரேக் பிடித்தால் சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை, பலவற்றில் பவர் ஸ்டியரிங்கும் இல்லை. ஊருக்குள் சந்தைக்குப் போய்வர அது போதும். டிப்பரும் பஸ்ஸும் பறக்கும் வீதியில் நாள்தோறும் பிள்ளையை ஏற்றிப்போக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அல்டோ 800 க்கும் அதே 796 சிசிதான் என்றாலும் வயது குறைந்த வண்டி கிடைக்கும், தரையிலிருந்து 160 மில்லிமீற்றர் உயரம் இருப்பதால் கிரவல் கல்லும் அவ்வளவாக அடியில் தட்டாது. பவர் ஸ்டியரிங் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

கணவர் சொல்லும் வேகன் ஆர் நல்ல கார்தான். உயரமான இருக்கை, முன்னால் நன்றாகத் தெரியும். எனக்குப் பிடிக்காதது லீசிங். முதல் வருடம் பம்பர் உரசும், கேற்றில் கதவு கீறும், இது எல்லோருக்கும் நடப்பது. மாதாமாதம் கட்டுக்காசு கட்டும் காரில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு. அப்புறம் நீங்கள் சாவியையே தொடமாட்டீர்கள்.

விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். வரி கூட என்பதால் இருபது வயதுக் காரும் இங்கே விலைபோகிறது. கையிலுள்ள காசில் பத்தில் ஒரு பங்கை வெளியே வைத்துவிட்டு மிச்சத்துக்குக் கார் தேடுங்கள். அந்தப் பங்கு ரயருக்கும் பட்டறிக்கும் ஒயிலுக்கும்.

இனிப் பார்க்கப் போகும் நாள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள்; விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். காலையிலேயே போய், போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முதலே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் எப்படி எழும்புகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஓட்டோ கியரை டி இல், அதாவது முன்னுக்கு ஓடும் நிலையில், போட்டதும் ஒரு உதை உதைத்தால், அல்லது மெதுவாக எடுக்கும்போது குலுங்கினால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பழைய நிசான் மார்ச் கே11 கார்கள் சிலவற்றில் இந்தக் குலுக்கல் உண்டு. உங்கள் பதற்றத்தோடு காரும் சேர்ந்து பதறத் தேவையில்லை.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கக்கூடும்.

வெள்ளத்தில் நின்ற காரா என்று கட்டாயம் பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது சொல்லிவிடும். மேலதிகச் சில்லைத் தூக்கி அடியில் துரு பாருங்கள், கார்ப்பெட்டை முகர்ந்து பாருங்கள்.

ரயரில் பூ இருப்பது மட்டும் போதாது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம் செய்த ரயர். ஆறு வயது தாண்டி, வன்னி வெயிலில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஏசியும் வேலைசெய்ய வேண்டும். இதை ஆடம்பரம் என்பார்கள். மாரியில் கண்ணாடி உள்ளே புகை மூடுவதைச் சட்டென்று போக்குவது ஏசிதான்.

கடைசியாக நீங்களே சாரதி இருக்கையில் ஏறி இருங்கள். பொனட்டின் ஓரம் தெரிகிறதா? தெரியாவிட்டால் தடித்த மெத்தை ஒன்று போட்டுப் பாருங்கள். முதல் தலைமுறை விட்ஸில் வேகமானி நடுவில் இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும்.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அவர்களின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் முற்பணமும் கொடுக்காதீர்கள். 'ஓப்பின் பேப்பரில் தருகிறேன், பிறகு மாற்றலாம்' என்று, பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் தருபவரிடம் வாங்கவேண்டாம். காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் நடப்பில் இருக்கவேண்டும். காப்புறுதியை, மற்றவருக்கு வரும் சேதத்துக்கு மட்டும் கொடுக்கும் மூன்றாம் தரப்போடு நிறுத்தாமல் முழுதாகப் போடுங்கள்.

கார் வந்தபின், லேர்னர்ஸ் மாஸ்டருக்குக் காசு கொடுத்து, உங்கள் காரிலேயே விசுவமடுவிலிருந்து பள்ளிக்கூடம்வரை சில காலை பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். கணவரைவிட அவர் நல்லது, சத்தம்போடமாட்டார். டிப்பர் ஹோர்ன் அடித்தால் வேகம் கூட்டாதீர்கள். இடது சிக்னல் போட்டு, ஓரத்தில் இடமிருந்தால் ஒதுங்கி அதைப் போகவிடுங்கள். முதல் சில மாதம் இரவில் ஓடவேண்டாம். வெளிச்சமில்லாத லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் வீதியில் படுத்திருக்கும் மாடும் கிட்டப் போகும்வரை தெரியாது.