பிஸ்கட் டப்பாவில் நினிவே: வாசகர் கேள்வி – பதில்

என் அப்பா 1980-களில் ஈராக்கில் கட்டுமான வேலையில் இருந்தார். மோசுல் பக்கம் லீவு நாட்களில் எடுத்த நாற்பது, ஐம்பது படங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒன்றில், மனிதத் தலையும் மாட்டு உடம்பும் சிறகும் உள்ள பெரிய சிலைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அப்பா இப்போது இல்லை. இந்தப் படங்கள் எங்களைத் தவிர வேறு யாருக்காவது பயன்படுமா?
– வாசகி, அம்பத்தூர்

கண்டிப்பாகப் பயன்படும். தயவுசெய்து அந்த டப்பாவைப் பத்திரமாக வையுங்கள்.

அந்தச் சிலையின் பெயர் லமாசு. பழைய அசீரிய அரசர்கள் கோட்டை வாசலில் காவலுக்கு நிறுத்தியது. மோசுலை ஒட்டியிருக்கும் நினிவேயில், நெர்கால் வாசலில் நின்ற லமாசுவின் முகத்தை ஐ.எஸ். ஆட்கள் டிரில் மெஷின் வைத்துக் குடையும் வீடியோ 2015 பிப்ரவரியில் வந்தது. மோசுல் அருங்காட்சியகச் சிலைகளைத் தள்ளி உடைத்ததும் அதே வீடியோவில்தான். அடுத்த மாதம் நிம்ருத் நகர இடிபாடுகள் மேல் புல்டோசர் ஓட்டினார்கள். உங்கள் அப்பா நின்றது எந்த வாசல் என்று படத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது, ஆனால் எந்த வாசலாக இருந்தாலும், உடைவதற்கு முப்பது வருடம் முன்னால் அது எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் வீட்டில் சாட்சி இருக்கிறது.

அந்த அழிவு நடந்த சில வாரங்களிலேயே, யாரும் சொல்லாமல், தன்னார்வலர்கள் சிலர் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மோசுலுக்குப் போய்வந்தவர்கள் எடுத்த சாதாரணப் படங்களை இணையத்தில் கேட்டு வாங்கி, ஒரே சிலையைப் பல கோணத்தில் காட்டும் படங்களைக் கணினியில் பொருத்தி, முப்பரிமாண வடிவமாக மீட்டார்கள். மோசுல் அருங்காட்சியகத்துச் சிங்கச் சிலை அப்படித் திரும்பி வந்தது. ‘புராஜெக்ட் மோசுல்’ என்று தொடங்கி, பிறகு ‘ரெக்ரேய்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: படங்களை ஃபோனில் எடுக்காமல் ஸ்கேனரில் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் பண்ணுங்கள், படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனென்றால் அப்பா பேனாவில் ஊரும் தேதியும் எழுதியிருக்கலாம். நெகட்டிவ் இருந்தால் அது இன்னும் நல்லது. நிறத்தைத் திருத்த வேண்டாம். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே போய்க் கேட்டு, இடத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். படம் எடுத்தவருக்குத்தான் காப்புரிமை, அப்பா எடுத்தது என்றால் இப்போது அது அவருடைய வாரிசுகளுக்கு, ஆகவே அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களின் முகம் தெரியும் படங்களை மட்டும் பொதுவில் போடாதீர்கள். அவர்கள் இன்று எங்கே, என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

கி.மு. 612-இல் நினிவே வீழ்ந்து அசீரியப் பேரரசு முடிந்தது என்றுதான் படித்தேன். இன்ஸ்டாகிராமில் ஸ்வீடன் பெண் ஒருத்தி ‘நான் அசீரியர்’ என்கிறாள். இது எப்படி?
– கல்லூரி மாணவி, வேளச்சேரி

பேரரசு விழுந்தால் ஊர்ச்சனமெல்லாம் ஆவியாகிவிடுமா? அவர்கள் வடக்கு ஈராக், தென்கிழக்குத் துருக்கி, ஈரானின் ஊர்மியா, வடகிழக்குச் சிரியா என்று மலையோரங்களிலும் சமவெளியிலும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். பேசுவது அரமேயம் என்ற பழைய மொழியின் இன்றைய வடிவங்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், பல சபைகளாகப் பிரிந்தவர்கள். 1915-இல் ஒட்டோமான் ஆட்சியில் நடந்த பெருங்கொலையை ‘சைஃபோ’ என்கிறார்கள், வாள் என்று அர்த்தம். 1933 ஆகஸ்டில் ஈராக்கின் சிமேலேயில் அந்நாட்டு ராணுவம் மறுபடி கொன்றது. அதிலிருந்து தப்பியவர்கள் சிரியாவின் காபூர் ஆற்றங்கரையில் ஊர் அமைத்துக் குடியேறினார்கள், 2015 பிப்ரவரியில் ஐ.எஸ். அந்த ஊர்களுக்கும் வந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. ஒரே குடும்பத்தில் தாத்தா ஒரு முறை, பேரன் ஒரு முறை. அந்த ஸ்வீடன் பெண் அநேகமாக சோதர்தேல்யே பக்கமாக இருக்கலாம், அங்கே அவர்கள் நிறைய. சிகாகோ, சிட்னியிலும் உண்டு.

அவளுக்கு ‘ஷ்லாமா’ என்று எழுதிப் பாருங்கள். அமைதி, வணக்கம் இரண்டும் அதுதான்.

சிலையை மீட்பது சரி. மொழிக்கு யார் என்ன செய்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

ஐயா, இதைக் கேட்டதற்கு நன்றி. சிலை உடைந்தால் உலகம் முழுக்கச் செய்தி. ஒரு கிராமத்து வழக்கைப் பேசிய கடைசிப் பாட்டி சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் கண்மூடினால் எந்தச் செய்தியும் இல்லை. அசீரியர் பேசும் நவீன அரமேயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வட்டார வழக்குகள், ஊருக்கு ஊர் மாறும். அந்த ஊர்கள் காலியாகிவிட்டதால் அவரவர் பாட்டி, தாத்தாவை உட்காரவைத்து, தாலாட்டு, கல்யாணப் பாட்டு, பாத்திர பண்டத்தின் பெயர் என்று பதிவு செய்து போடும் பிள்ளைகள் செய்வதுதான் என் கணக்கில் முதல் வேலை.

எழுத்து இன்னொரு பாடு. இந்த மொழியை எழுதுவது சிரியாக் எழுத்தில்: மொத்தம் 22, வலமிருந்து இடம், சேர்ந்து எழுதும்போது உருவம் மாறும். 1999-இல், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் வந்தது, பிறகு இலவச எழுத்துருக்கள் வந்தன. ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் அடித்து, அடுத்தவர் கணினியில் கட்டம் கட்டமாகப் பார்த்த நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இன்று சிரியாக் எழுத்தில் ஒரு சிறிய விக்கிப்பீடியாவும் இருக்கிறது.

சுவடிகளுக்கு நஜீப் மிக்காயேல் என்ற பாதிரியாரைச் சொல்ல வேண்டும். 1990-இலிருந்தே ஈராக்கின் பழஞ்சுவடிகளைப் பிரதி எடுத்து வந்தவர், 2014-இல் ஐ.எஸ். நெருங்கியபோது அவற்றை வண்டியில் ஏற்றி எர்பிலுக்குக் கடத்திக் காப்பாற்றினார். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை வீட்டுத் துக்கமாகச் சுமந்தவர்கள்தான் 2005-இல் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கி ஒவ்வொரு பக்கமாக இணையத்தில் ஏற்றினார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் பேசி முடிக்க மாட்டார்கள்.

இவர்களுக்கும் நம்மூருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், பரங்கிமலை

உங்கள் மலை மேலேயே இருக்கிறது. தோமையார் மலைக் கோயிலில் 1547-இல் போர்த்துகீசியருக்குக் கிடைத்த கற்சிலுவையைச் சுற்றி இருப்பது பஹ்லவி, பழைய பாரசீக எழுத்து. பாரசீகத்திலிருந்து கடல் வழியே வந்த கிழக்கத்திய சபையின் தடம் அது, அசீரியர்களின் சபையும் அந்த மரபுதான். அதே மரபு திருச்சூரில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இன்னொன்று. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மலையாளத்தையே சிரியாக் எழுத்தில் எழுதி வந்தார்கள், அதற்காக அந்த எழுத்தில் இல்லாத ஒலிகளுக்குப் புது வடிவங்கள் சேர்த்தார்கள். 2017-இல் அந்த 11 எழுத்துகளும் யூனிகோடில் ஏறின. அதில் ஒன்று ழ.

எனக்குத் தமிழ் டைப்பிங் மட்டும் தெரியும். ஏதாவது செய்யலாமா?
– வாசகி, வில்லிவாக்கம்

தாராளமாக. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘அசிரியா’, ‘அசீரியா’ இரண்டையும் தேடுங்கள், நாம் இரண்டு விதமாகவும் எழுதுகிறோம், எதை அடித்தாலும் சரியான கட்டுரைக்குப் போகவில்லை என்றால் வழிமாற்றுப் பக்கம் போடுங்கள், பத்து நிமிட வேலை. அப்புறம் சைஃபோ, சிமேலே, அகீத்து என்ற அவர்களுடைய ஏப்ரல் 1 புத்தாண்டு, இதையெல்லாம் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இல்லாததில் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் நாலு பத்தி எழுதுங்கள். அம்பத்தூர் வாசகி படங்களை ஏற்றிய பிறகு, அதில் ஒன்றை உங்கள் கட்டுரையில் சேர்க்கலாம்.