கட்டைவிரல் முதலில் வெளியே வரட்டும்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அலுவலக அணிக்காக டென்பின் பௌலிங் ஆடுகிறேன் (மூன்று விரல்களைத் துளைகளில் மாட்டிப் பிடித்த பந்தை உருட்டி, 'பின்' எனும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்). வலது கைக்காரன், சொந்தப் பந்து, 14 பவுண்டு. பந்தை விடும்போது கட்டைவிரல் துளையில் மாட்டிக்கொள்கிறது. பந்து தொப்பென்று விழுந்து இடது பக்கம் ஓடுகிறது. "மணிக்கட்டைத் திருப்பு" என்றார்கள். திருப்பினால் மணிக்கட்டு வலிக்கிறதே தவிர பந்து வளையவில்லை. ஒரு மாத விடுப்பில் கானாடுகாத்தான் வந்திருக்கிறேன். பந்து அங்கேயே இருக்கிறது, இங்கே பௌலிங் கூடமும் கிடையாது. வீட்டிலிருந்தே கையைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. பந்தைக் கொண்டுவராததும் நல்லதுதான். 14 பவுண்டு என்பது 6 கிலோ 350 கிராம். வீட்டு வளவில் ஒருதரம் கைதவறினால் ஆத்தங்குடித் தரைக்கல் போச்சு. அப்புறம் அப்பத்தா முகத்தில் விழிக்க முடியாது.

உங்களுக்கு யாரோ சொன்ன அந்தத் "திருப்பு"தான் பாதிக் கோளாறு. பந்து விடுபடும் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கை ஊஞ்சல் மாதிரி பின்னால் போய் முன்னால் வருகிறது. கணுக்கால் அருகே வரும்போது கட்டைவிரல் முதலில் வெளியே வருகிறது. உடனே பந்தின் பாரம் முழுக்க நடுவிரலிலும் மோதிர விரலிலும் இறங்குகிறது. அந்த இரண்டு விரலும் பந்தின் அடியிலிருந்து ஓரமாக மேலே ஏறிக்கொண்டே வெளியேறுகின்றன. பந்துக்குக் கிடைக்கும் சுழற்சி அதுதான். மூன்று விரலும் சேர்ந்து வெளியே வந்தால் சுழற்சியே இல்லை. கட்டைவிரல் கடைசியில் வந்தால் கை பந்தை மேலே தூக்கிக்கொண்டு போகும், தோளும் கூடவே இழுபடும். பந்து தொப்பென்று விழுவதும் இடது பக்கம் ஓடுவதும் அதனால்தான்.

சரி, கட்டைவிரல் ஏன் மாட்டுகிறது? பந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில் விரலை உள்ளே மடக்கிக் கவ்வுகிறீர்கள். கட்டைவிரல் மூட்டின் மேல் தோல் தடித்திருக்கிறதா, உரிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். நானும் மூன்று வருடம் இப்படிக் கவ்விக்கொண்டு, வாரா வாரம் விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடியவன்தான்.

வீட்டில் தூக்குவாளி இருக்குமே, அதில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி மூடியைத் திறந்து வையுங்கள். பிடியை நடுவிரலிலும் மோதிர விரலிலும் மாட்டிக்கொண்டு, கட்டைவிரலைச் சும்மா மேலே சாய்த்து வைத்து, கையை நேராகத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தோள் மட்டும்தான் கீல். முழங்கையோ முன்கையோ வேலை செய்யத் தொடங்கிய உடனே தண்ணீர் சிந்தும். முற்றத்தில் செய்யுங்கள், சிந்தினாலும் பாதகமில்லை. நாலு நாளில் சிந்துவது குறையும். பாரத்தைத் தாங்குவது விரல்கள், கட்டைவிரல் வெறும் துணை என்பது கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது கால்பந்து. 5ஆம் எண் கால்பந்தும் பௌலிங் பந்தும் சுற்றளவில் ஏறக்குறைய ஒன்றுதான். பௌலிங் பந்து 27 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி, கால்பந்து அதைவிட ஒரு நூல் கூடலாம். அதைச் சுற்றி எலக்ட்ரீசியன்கள் ஒட்டும் கறுப்பு நாடாவை ஒரே கோடாக ஒட்டுங்கள். நாடாவின் மேல் இரண்டு விரல்களை வைத்துப் பந்தை உள்ளங்கையில் தாங்குங்கள். கட்டைவிரலே வேண்டாம், விலக்கி வையுங்கள். ஒரு கால் முட்டியைத் தரையில் ஊன்றி, பத்தித் தாழ்வாரத்தின் நீளவாக்கில் மெதுவாக உருட்டுங்கள்.

பந்தைப் பின்னாலிருந்து ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் கீழே 6 மணியில் இருந்து 4 மணிக்கு வரும்போது பந்து கையை விட்டுப் போகவேண்டும். நாடா சற்றே இடது பார்த்தபடி, தள்ளாடாமல் ஒரே கோடாக உருண்டால் கை சரி. நாடா படுத்துக்கொண்டு பந்து பம்பரமாகச் சுற்றினால் நீங்கள் இன்னும் கதவுக் குமிழைத் திருகுகிற மாதிரித் திருகுகிறீர்கள், விரல்கள் 3 மணியைத் தாண்டிப் பந்தின் மேலேயே ஏறிவிட்டன. உண்மையான பந்தில் இதைச் செய்தால் பந்து சுற்றிக்கொண்டே போகும், வளையாது. உங்கள் மணிக்கட்டு வலிக்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம்.

மணிக்கட்டு உள்பக்கம் குவியலாம், நேராக இருக்கலாம், பின்பக்கம் சரியலாம். குவித்து விடுகிறவர்களுக்குச் சுழற்சி அதிகம்தான், ஆனால் அதற்கு முன்கை பலம் வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு நேரான மணிக்கட்டு போதும், சரியவிடாதீர்கள். ஒரு சின்ன உபாயம்: கைக்கடிகாரப் பட்டைக்குள் 15 சென்டிமீட்டர் ஸ்கேலைச் செருகிப் புறங்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டு கால்பந்தை உருட்டுங்கள். மணிக்கட்டு பின்னால் சரிந்தால் ஸ்கேல் புறங்கையைக் குத்தும். கடையில் விற்கும் மணிக்கட்டுப் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது தப்பில்லை, ஆனால் முதல் நாளே மாட்டிக்கொண்டால் கை சோம்பேறியாகிவிடும் என்பது என் கட்சி.

கைபேசியைப் பின்னால் தரையோரம் சாய்த்து வைத்து ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து தடவை போதும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கட்டைவிரலின் ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில் மரத்துப்போவது, ஊசி குத்துவது போலிருப்பது என்று ஏதாவது இருந்தால் பயிற்சியே வேண்டாம். துளையின் விளிம்பு நரம்பை அழுத்துவதால் அப்படி வரும். மருத்துவரைப் பாருங்கள்.

சிங்கப்பூர் திரும்பியதும் முதலில் பந்துத் துளை போடும் கடைக்குப் போய்க் கட்டைவிரல் துளையைச் சோதியுங்கள். விரல் முழுதாக உள்ளே போய், கவ்வாமலே பந்து தொங்கவேண்டும், அதே சமயம் உரசாமல் வழுக்கி வரவேண்டும். வெயிலில் விரல் பருக்கும், ஏசிக் கூடத்தில் சுருங்கும். அதனால் துளையைச் சற்றுத் தாராளமாக வைத்துக்கொண்டு, தளர்வாக இருக்கும் நாளில் உள்ளே ஒரு நாடாத் துண்டு ஒட்டிக்கொள்வதுதான் வசதி.

அப்புறம் லேன், அதாவது பந்து உருளும் பாதை. ஓடிவந்து விடவேண்டாம். கால் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டருகே ஒரே அடி எடுத்து வைத்துப் பந்தை விடுங்கள். கட்டைகள் விழுகின்றனவா என்று 60 அடி தள்ளிப் பார்க்கத் தேவையில்லை, காதைக் கொடுங்கள். கோட்டைத் தாண்டி ஓரிரு அடியில் பந்து சத்தமில்லாமல் தரை தொட்டு உருள ஆரம்பித்தால் கட்டைவிரல் நேரத்துக்கு வந்துவிட்டது. பத்துப் பந்துக்குப் பிறகும் அந்தத் தொப் போகவில்லையென்றால் அன்றைய ஆட்டத்தை விட்டுவிட்டு மறுபடி துளைக்காரரிடமே போங்கள்.