கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: மேல்மாடி அறையில் எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 1:87) குட்டி ரயில் பாதை போட்டிருக்கிறேன். கொஞ்ச நாள் ஓட்டாமல் விட்டால் எஞ்சின் விக்கி விக்கித்தான் நகர்கிறது. சான்ட்பேப்பரால் தேய்க்கலாமா? சீனக்குடா ஸ்டேஷனையும் சேர்க்க ஆசை. (வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: சான்ட்பேப்பர் வேண்டவே வேண்டாம், அது போடும் கீறல்களுக்குள்தான் அடுத்த தடவை கறுப்பு அழுக்கு போய் உட்காரும். நூல் பிரியாத பருத்தித் துணியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டு, தண்டவாளத்தின் மேற்பக்கத்தையும் உள்விளிம்பையும் துடையுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. சரி, சில்லுகள்? பலரும் இதை மறந்துவிட்டுத் தண்டவாளத்தையே திட்டுவார்கள். அதே அல்கஹோலில் நனைத்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, எஞ்சினின் முன்சில்லுகளை அதன்மேலும் பின்சில்லுகளை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்தபடி கரண்ட் கொடுங்கள். டிஷ்யூவில் இரண்டு கறுப்புக் கோடு விழும். அப்புறம் திருப்பி வைத்து மற்றதையும் செய்யுங்கள்.

அதற்கும் விக்கினால், தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புத் தகடுகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடற்காற்றுக்கு அவை சீக்கிரம் கறுத்துவிடும், ஆகவே ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் அடியிலிருந்து தனி வயர் பற்றவைப்பதுதான் நிரந்தர வழி. பிளைவூட் பலகைக்கு அடிப்பக்கமும் பெயின்ட் அடியுங்கள், மாரியில் ஊதாது.

சீனக்குடா தாராளமாகச் செய்யலாம். நம்முடைய அகலப்பாதை 1676 மில்லிமீற்றர், 1:87 அளவில் 19-க்குச் சற்று மேலே வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ பாதையின் அகலமோ 16.5. யாரும் அடிமட்டம் வைத்துப் பார்க்கப்போவதில்லை, கட்டிடத்தைச் சரியாகச் செய்யுங்கள்.