கோயில் வேறு, பதிவேடு வேறு

கேள்வி: தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்றால், அதை நடத்திவைக்கும்படி எங்கள் தேவாலயத்தையும் கட்டாயப்படுத்துவார்களோ என்று அஞ்சுகிறேன். என் அச்சம் சரியா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் விசுவாசத்தை மதித்தே சொல்கிறேன், அம்மா, அந்த அச்சம் தேவையில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, முப்பது நாள் அறிவிப்புக்குப் பின், திருமண அலுவலர் முன்னிலையில் மூன்று சாட்சிகளோடு உறுதிமொழி கூறிக் கையொப்பமிட்டால் போதும்; அங்கே குருவானவருக்கோ அர்ச்சகருக்கோ வேலையே இல்லை. தன்பாலின இணையர் உச்ச நீதிமன்றத்தில் முதன்மையாகக் கேட்டதும் இந்தச் சட்டத்தில் ஓர் இடத்தைத்தான். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றமே என்று கூறி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. இங்கிலாந்திலோ, எந்தப் போதகரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்னை வருத்துவது வேறு. அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்றொரு கட்டம் இருக்கும். இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்தவர் அதில் 'தோழி' என்று மட்டுமே எழுத முடியும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், இணையருக்கு வாரிசுரிமை கிடையாது. இதில் எந்த மதத்தின் சடங்கு காப்பாற்றப்படுகிறது?

குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை, 2025 மே மாதம் விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறி, அவர் தம் இணையோடு செல்ல வழிவிட்டது.