பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணைய மோசடி பற்றி விளையாட்டு மூலம் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்குமா, நேரம்தான் வீணாகுமா?

பலன் இருக்கும். பிள்ளைக்கு எந்த வேஷம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் ஆசிரியராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கு யாராவது வந்து புரொஜெக்டர் போட்டு, "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பேசி, குரூப் போட்டோ எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். பிள்ளைகளும் தலையாட்டியிருப்பார்கள்.

நான் பாம்பன் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அம்மாவின் போனில் யுபிஐ போடுவதிலிருந்து வங்கி மெசேஜைப் படித்துச் சொல்வது வரை அந்தப் பிள்ளைதான் செய்கிறது. வீட்டுப் பணத்துக்குக் காவலே அதுதான். அதனால்தான் "நேரம் வீணா" என்று நீங்கள் கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கூகுளின் 'இன்டர்லேண்ட்' விளையாட்டை முதலில் காட்டினேன். நன்றாக இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் திருடனைப் பார்த்ததுமே திருடன் என்று தெரிந்துவிடும். எங்கள் அம்மாக்களுக்கு வரும் போனில் பேசுகிறவன் "வணக்கம்மா, சாப்பிட்டீங்களா" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

அதனால் நாங்களே ஒன்று செய்தோம். தாயம் ஆடும் சோழிகள், கொஞ்சம் துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். ஆளுக்குப் பத்து சோழி. ஒரு பிள்ளை 'பேசுகிறவர்'. அவர் எடுக்கும் சீட்டில் கதை இருக்கும்: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறவில்லை, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (ஆப்பை நேராகப் போனில் ஏற்றும் ஃபைல்) இன்ஸ்டால் பண்ணுங்கள், பணம் வருவதற்கு க்யூஆரை ஸ்கேன் பண்ணி யுபிஐ பின் நம்பர் போடுங்கள், கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே போடுகிறோம். 2 நிமிடத்துக்குள் எதிராளியை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். வைத்துவிட்டால் சோழி எல்லாம் அவருக்கு.

அவசரப்படுத்துவது, பயமுறுத்துவது, மரியாதையாகப் பேசி மடக்குவது என்று எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். "இப்பவே செய்யலைன்னா பணம் திரும்பப் போயிரும்" என்று தானே ஒரு தடவை சொன்ன பிள்ளைக்கு, அதே பேச்சு வெளியிலிருந்து வரும்போது காது விடைத்துவிடும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை என்பதையும் அந்த ஆட்டத்தில்தான் மனதில் ஏற்றிக்கொண்டார்கள்.

இன்னொரு விதி முக்கியம். ஏமாந்தவர் உடனே கையைத் தூக்கி "போச்சு" என்று சொல்லிவிட்டால் பாதி சோழி திரும்பிவிடும். மறைத்தால் ஒன்றும் கிடையாது. நிஜத்திலும் அப்படித்தான். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் போட்டால், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன்னே முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் மூடி வைத்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம். போட்டோவை மாற்றி மிரட்டும் கேஸ்களில் பெண்பிள்ளைகள் வாய் திறக்காததற்கும் இந்தப் பயம்தான் காரணம்.

"பிள்ளைகளுக்குத் திருடக் கற்றுக்கொடுக்கிறாயா" என்று சிலர் கமெண்டில் வருவார்கள், தெரியும். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பெண். அவள் அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். தெரிந்தவன் ஒருவன், "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் திற, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் என்கிட்ட கொடு, மாசாமாசம் கமிஷன்" என்றிருக்கிறான். அண்ணன் வீட்டில் சந்தோஷமாகச் சொன்னதும் இவள், "இந்தச் சீட்டு எங்ககிட்ட இருக்குண்ணே" என்றிருக்கிறாள். ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும், போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவன் வீட்டு வாசலில் என்று அம்மா முன்னாலேயே விளக்கியிருக்கிறாள். அண்ணனுக்குக் கோபம், கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் கார்டைக் கொடுக்கவில்லை. இந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்காதவள். எனக்கு அவ்வளவு பெருமை.

அம்மாக்களையும் கூப்பிட்டேன், வருவது குறைவு. கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். காலையிலிருந்து கழுத்தளவு தண்ணீரில் நின்று, விரல் எல்லாம் பாறையில் கிழிந்து, துணி சுற்றிக்கொண்டு வருவார்கள். கரையில் வியாபாரி "ஈரம் இருக்கு, மண்ணு இருக்கு" என்று தன் இஷ்டத்துக்கு எடையைக் கழிப்பார். இதற்கு எந்த நம்பருக்குப் போன் போடுவது? நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு, அதில் சேர்ந்த பணத்தை ஒரு போனில் எவனோ எடுத்துக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பாஸ்வேர்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பு எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதையும் போனைக் கையில் கொடுத்துச் செய்ய வையுங்கள். ஆனால் சீட்டுகளை மட்டும் உங்கள் ஊர்க் கதையாக எழுதுங்கள். கீழக்கரை என்றால் வளைகுடா விசா, ராமேஸ்வரம் என்றால் லாட்ஜ் முன்பதிவு. எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், நிவாரணம் என்று சொல்லி ஏமாற்ற வசதியான சமயமும் அதுதான். பரீட்சை முடிந்ததும் ஆரம்பித்து, அவர்களையும் பிள்ளைகளோடு ஆட உட்கார வையுங்கள்.